குஞ்சா, வளர்ந்த கிளியா?

பறவை இனத்தில் மனிதரைப் போலப் பேசிக் காட்டும் பேறு பெற்றவை சிலவே. அவற்றுள் நம் மக்களுக்கு மிகவும் நெருக்கமானது கிளி. மதுரை மீனாட்சியின் கையில் கிளி. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் தோளில் கிளி. கொஞ்சிப் பேசும் குழந்தையைக் கிளிப்பிள்ளை என்கிறோம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவளையும் அப்படித்தான் அழைக்கிறோம். எனவே எங்கள் விடுதியில் ஒருநாள் இரவு உணவுக்குப் பின் கிளியைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் மூண்டதில் வியப்பில்லை.

காரணம் இதுதான். எங்கள் தோழி ஒருத்திக்கு அவள் தந்தை ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறினால் ஒரு கிளி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவளும் தேறிவிட்டாள். “குஞ்சாக வாங்கட்டுமா, வளர்ந்ததாக வாங்கட்டுமா?” என்று தந்தை கடிதத்தில் கேட்டிருந்தார். உடனே விடுதி இரண்டு கட்சியாயிற்று. குஞ்சிலிருந்து வளர்த்தால்தான் அன்பாகப் பழகும் என்றனர் ஒரு சாரார். குஞ்சைக் காப்பாற்ற நம்மால் ஆகாது, வளர்ந்த பறவையே மேல் என்றனர் மறு சாரார். சத்தம் கேட்டு வந்த சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “கத்தினால் உண்மை தெரிந்துவிடுமா? படித்தும் கேட்டும் பாருங்கள். கண்டதை மலருக்கு எழுதிக் கொடுங்கள்” என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

நாங்கள் செய்த பிழை

ஆராய்ச்சிக்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்கு எங்களுள் சிலர் முன்பே ஒரு தவறான விடை எழுதியவர்கள். சென்ற ஆண்டு மாசி மாதத்தில், மலையடிவாரத்தில் ஒருவர் அட்டைப் பெட்டியில் வைத்திருந்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றை விடுமுறை நாளில் எங்களுள் ஒருத்தி வாங்கி வந்தாள். இறகு முளைக்காத, கண் பாதி திறந்த குஞ்சு. அவள் வீடு மலைமேல் இருக்கிறது. நாங்கள் நால்வர் அந்த விடுமுறையில் அங்குத் தங்கியிருந்தோம். பாலில் ரொட்டியை ஊறவைத்து இங்க் ஃபில்லரால் ஊட்டினோம். வாயைத் திறந்து திறந்து கேட்டது. அது எங்களை அம்மாவாக எண்ணுகிறது என்று பெருமைப்பட்டோம். பழைய துணியில் சுற்றி, குண்டு பல்பின் அடியில் வைத்தோம். நான்காம் நாள் இரவு காற்றும் மழையுமாய் மின்சாரம் போயிற்று. நாங்கள் தூங்கிவிட்டோம். விடிந்து பார்த்தபோது குஞ்சு குளிர்ந்து கிடந்தது. அதன் கழுத்தடிப் பையில் முதல்நாள் மாலை ஊட்டிய உணவு அப்படியே இருந்தது.

காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் முதியவர் ஒருவர் குழி தோண்டித் தந்தார். “கண்ணு, அது உங்ககிட்ட வந்தப்பவே பாதி செத்துடுச்சு. தாய்கிட்ட இருக்கவேண்டியதை எடுத்தாந்தா என்ன ஆகும்?” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்க மாட்டோம். எங்கே தவறினோம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

முதற் கேள்வி: எந்தக் கிளி?

குஞ்சா, பெரியதா என்பது இரண்டாம் கேள்வியே. எந்த இனத்துக் கிளி என்பதுதான் முதற் கேள்வி. இதை எங்கள் இரு கட்சியாரும் மறந்தே போனோம்.

நம் ஊர்ப் பச்சைக்கிளி, கழுத்தில் சிவப்பும் கறுப்புமாய் ஆரம் பூண்ட செந்தார்ப்பைங்கிளி. சேலம் சமவெளியில் மாலை வேளைகளில் கூச்சலிட்டுப் பறக்கும் கூட்டம் இதுவே. மலைச்சரிவுகளிலும் காட்டோரங்களிலும் இதனினும் சிறிய ஊதாத்தலைக் கிளியைக் காணலாம். ஆணின் தலை பழுத்த பிளம்ஸ் பழத்தின் நிறம். பெண்ணின் தலை சாம்பல் நிறம். ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன், பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் தீசியஸ், இந்தியாவில் மனிதரைப் போலப் பேசும் சிவந்த முகப் பறவை ஒன்று உண்டென்றும், கிரேக்க மொழி கற்பித்தால் அதையும் பேசும் என்றும் எழுதி வைத்தார். அது இந்த ஊதாத்தலைக் கிளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இந்த இரண்டையும், இந்தியக் காடுகளுக்குரிய மற்ற எந்தக் கிளியையும், குஞ்சாகவோ வளர்ந்ததாகவோ, பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கூறுகிறது. 1990-91 முதல் இந்தியப் பறவைகளின் வணிகம் முற்றிலும் தடை செய்யப்பட்டது. 2022-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இப்போது நம் கிளிகள் இரண்டாம் அட்டவணையில் காக்கப்படுகின்றன. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 2023 பிப்ரவரியில் சென்னையில் திரைப்பட நடிகர் ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறையினர் மீட்டுக் கிண்டிக்குக் கொண்டுபோனதும், இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததும் செய்தித்தாள்களில் வந்தன. அந்தக் கிளிகள் அன்பாகவே வளர்க்கப்பட்டிருக்கலாம். ஆனால் அன்பு என்பது சட்டத்திற்கு விடையாகாது.

“எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, இதிலென்ன பாவம்?” என்று கேட்பவர்கள் ஒரு குஞ்சு பெட்டிக்கு வரும் வழியை எண்ணிப் பார்க்க வேண்டும். கிளி தன் கூட்டைத் தானே கட்டுவதில்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்த பொந்தையும், பட்டமரத்து ஓட்டையையும், பழஞ்சுவரின் இடுக்கையும் பெரிதாக்கி முட்டையிடும். ஆண்டின் தொடக்க மாதங்களே அதன் இனப்பெருக்கக் காலம். குஞ்சு திருடுபவர் பொந்தை வெட்டி விரிக்கிறார். சில சமயம் கிளையையே வெட்டிச் சாய்க்கிறார். குஞ்சும் போகிறது, மறு ஆண்டுக்கான வீடும் போகிறது. வழியில் இறக்கும் குஞ்சுகளின் கணக்கோ யாருக்கும் தெரியாது. எங்கள் கையில் இறந்ததும் அப்படிப்பட்ட ஒன்றே. அதை வாங்கிய பணத்தால், அடுத்த பொந்தை வெட்டுவதற்குக் கூலி கொடுத்தவர்களும் நாங்களே.

ஆகவே வீட்டில் வளர்ப்பதற்குரியவை, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளரும் அயல்நாட்டுச் சிறு கிளிகள். நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவினது. கொண்டையும் ஆரஞ்சுக் கன்னமும் உடைய காக்டெயிலும் ஆஸ்திரேலியப் பறவையே. பட்ஜி, காக்டெயில், ரோஜாமுக லவ் பேர்ட் ஆகிய மூன்றும் உலக நாடுகளின் வனவுயிர் வணிக ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. அப்பட்டியலில் உள்ள ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா, சூரியக் கோனூர் முதலியவற்றை வளர்ப்பவர்கள் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். வாங்கும்போது ரசீது பெறுவது எந்தப் பறவைக்கும் நல்லது.

குஞ்சு கேட்பது என்ன?

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். குஞ்சு என்ற சொல்லிலேயே இரண்டு நிலைகள் அடங்கியிருக்கின்றன. தாய் ஊட்டினாலன்றி உண்ண இயலாத குஞ்சு ஒன்று. தானே கொத்தித் தின்னக் கற்றுவிட்ட இளம்பறவை மற்றொன்று. விற்பவர்கள் இரண்டையும் குஞ்சு என்றே சொல்வதால் குழப்பம் உண்டாகிறது.

முதல் வகைக்கு என்ன தேவை என்று பாருங்கள். இறகில்லாக் குஞ்சுக்குத் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அதன் இருப்பிடம் இரவும் பகலும் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்குச் சற்று மேல். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இங்கு வந்தவர்களுக்கு மார்கழி, தை இரவுகளின் குளிரைச் சொல்லத் தேவையில்லை. இங்கு ஒரு பல்பை நம்பிக் குஞ்சை வைப்பது, அணையப் போகும் விளக்கை நம்பி இருட்டில் நடப்பது போன்றதே.

உணவிலும் அதே நுட்பம். கிளி பால் குடிக்கும் உயிரன்று. பாலும் ரொட்டியும் அதற்கு ஏற்றவையல்ல. தாய்க்கிளி தன் இரைப்பையில் ஊறிய உணவைக் கக்கி ஊட்டும். அதற்கு ஈடாகத் தயாரிக்கப்படும் குஞ்சு உணவுமாவை 40 முதல் 42 டிகிரி வெப்பத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் கழுத்தடிப் பை வெந்து புண்ணாகும். ஆறிப்போனால் உணவு செரியாமல் பையிலேயே தங்கிப் புளிக்கும். அவசரப்பட்டு ஊட்டினால் மூச்சுக்குழலில் ஏறும். மிகச் சிறிய குஞ்சுக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறையும், சற்று வளர்ந்தபின் நான்கைந்து மணிக்கு ஒருமுறையும் ஊட்ட வேண்டும். காலை வழிபாட்டுக்கு எழுந்து, வகுப்புக்குப் போய், மாலையில் படிப்பு மணிக்கு அமரும் ஒரு மாணவியால் இதைச் செய்ய இயலுமா? எங்கள் குஞ்சு பட்டினியால் இறக்கவில்லை. குளிரும் தகாத உணவும் சேர்ந்து அதைக் கொன்றன என்பதே நாங்கள் அறிந்துகொண்டது.

பட்ஜிக் குஞ்சு ஏறக்குறைய ஐந்து வாரத்தில் கூட்டை விட்டு வெளிவரும். காக்டெயில் எட்டு முதல் பத்து வாரம் வரை ஆன பின்பே முழுதும் தானே உண்ணும். கற்றுக்கொள்ளும் வேகம் பறவைக்குப் பறவை வேறுபடும். நாளைக் கணக்கிட்டு உணவை நிறுத்தக் கூடாது. தானே உண்டு எடை குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தே நிறுத்த வேண்டும்.

கையால் ஊட்டினால்தான் அன்பு வருமா?

குஞ்சுக் கட்சியாரின் பெரிய ஆயுதம் இதுதான். நான் ஊட்டி வளர்த்தால் என்னையே நம்பும் என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. கையால் ஊட்டப்பட்ட குஞ்சு மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆனால் அச்சம் நீங்க வேறு வழியும் உண்டு.

அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அமேசான் கிளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரிக்கவில்லை. தாயே ஊட்டியது. மனிதர் நாள்தோறும் சிறிது நேரம் மட்டும் குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கொஞ்சிவிட்டுத் திரும்பக் கூட்டில் வைத்தனர். வளர்ந்தபின் அவை கைக்கு அடங்கிய பறவைகளாக இருந்தன. ஊட்டியது தாய், பழக்கியது மனிதர்; இரண்டும் நிறைவேறின.

மறுபுறம், 1988-இல் வெளிவந்த காக்டெயில் ஆய்வு ஒன்று, கையால் வளர்க்கப்பட்ட பறவைகள் பின்னால் தாமே குடும்பம் நடத்தத் தடுமாறுவதைக் காட்டியது. ஆண்கள் கூட்டுப் பெட்டியை நாடுவது குறைந்தது. பெண்கள் முட்டையைப் பெட்டிக்குள் இடாமல் கூண்டின் தரையில் இட்டன. தாய் எப்படி இருப்பாள் என்பதைத் தாயிடம் இருந்துதானே கற்க வேண்டும்? நெதர்லாந்து நாட்டில் 2014 முதல், குறிப்பிட்ட வயதுக்கு முன் கிளிக்குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதையே சட்டம் தடுக்கிறது.

பேச்சைப் பற்றியும் ஒரு சான்று. உலகிலேயே புகழ்பெற்ற கிளி அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அறிவியலறிஞர் 1977-இல் சிக்காகோவில் ஒரு கடையில் அதை வாங்கினார். அப்போது அதற்கு ஏறக்குறைய ஒரு வயது. புத்திசாலிப் பறவையைத் தேடி எடுத்தார் என்று யாரும் சொல்லக் கூடாதென்று, கடைக்காரரையே ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். அவர் அதற்குப் பாடம் நடத்திய முறை வேடிக்கையானது. இருவர் கிளியின் எதிரில் அமர்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டு விடை சொல்வர். கிளி பார்த்துக்கொண்டிருந்து தானும் போட்டியிடும். அலெக்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைக் கற்றது. நிறத்தையும் வடிவத்தையும் பிரித்தறிந்தது. ஆறு வரை எண்ணிச் சொன்னது. 2007 செப்டம்பரில் தன் 31-ஆம் வயதில் இறந்தது. அது கைக்குஞ்சாக வரவில்லை என்பதைக் குஞ்சுக் கட்சியார் கவனிக்க வேண்டும். கற்றுத் தந்தவரின் பொறுமையே அங்கு வேலை செய்தது.

வளர்ந்த பறவையின் நிறையும் குறையும்

இதைக் கேட்டு மறு கட்சியார் துள்ளிக் குதிக்க வேண்டாம். வளர்ந்த பறவையிடமும் குறை உண்டு.

முதலில் நிறையைச் சொல்வோம். வளர்ந்த பறவையின் குணம் வெளிப்பட்டிருக்கும். கத்துமா, கடிக்குமா, கைக்கு வருமா, என்ன தின்னும் என்பதையெல்லாம் நேரில் பார்த்தே அறியலாம். குஞ்சிடம் இது தெரியாது. எல்லாக் குஞ்சும் சாதுவாகவே தோன்றும். மாதங்கள் சென்று பருவம் எய்தும்போது அதே பறவை தன் கூண்டைக் காக்கச் சண்டையிடலாம், கையைக் கடிக்கலாம். அப்போது ஏமாந்துபோய்ப் பறவையைக் கைமாற்றிவிடுகிறவர்கள் பலர். ஆணா பெண்ணா என்பதும் வளர்ந்தபின்னரே பல இனங்களில் விளங்கும். மேலும் வளர்ந்த பறவை குளிரைச் சற்றுத் தாங்கும், தானே உண்ணும், நாம் பள்ளிக்குப் போய் வரும்வரை காத்திருக்கும்.

குறை என்னவென்றால், அதற்கு ஒரு கடந்த காலம் உண்டு. துடைப்பத்தைக் கண்டு அஞ்சும் பறவை, ஆண் குரலைக் கேட்டால் ஒடுங்கும் பறவை, ஒருவரைத் தவிர மற்றவரைக் கொத்தும் பறவை என்று பலவும் உண்டு. தினையை மட்டுமே தின்று பழகியது, கீரையையும் பழத்தையும் நஞ்சைப் போலப் பார்க்கும். தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பழக்கமும் சிலவற்றுக்கு இருக்கும். இவை மாறாதவையல்ல. ஆனால் வாரங்களும் மாதங்களும் ஆகும். புதுப் பள்ளிக்கு ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே அவள் நம்மோடு சிரித்துப் பேசவில்லை என்று கோபிப்போமா?

ஆயுளையும் கணக்கில் கொள்ள வேண்டும். நன்கு பேணினால் பட்ஜி ஐந்து முதல் பத்தாண்டு வாழும். காக்டெயில் பதினைந்து, இருபதாண்டு வாழும். பதினான்கு வயதில் ஒரு காக்டெயில் குஞ்சு வாங்குபவள், முப்பது வயதிலும் அதன் கூண்டைக் கழுவ வேண்டியிருக்கும். கல்லூரிக்கோ வேலைக்கோ திருமணமாகியோ அவள் போய்விட்டால் பறவை யாருக்கு? அம்மாவுக்கு! எனவே கிளி வாங்குவது பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அம்மாவுக்கு முதல் நாற்காலி தர வேண்டும்.

வயதை அறிவது எப்படி?

விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் பார்த்தறியச் சில குறிகள் உண்டு. இளம் பட்ஜிக்கு நெற்றியிலிருந்து மூக்கு வரை மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிரும்போது நெற்றி தெளிவாகும். இளமையில் கண் முழுதும் கருமையாகவும், வயது வந்தபின் கருமணியைச் சுற்றி வெளிர் வளையமாகவும் தோன்றும். ரோஜாமுக லவ் பேர்டின் இளம்பறவைக்கு அலகின் அடியில் கறுப்பு தெரியும். காக்டெயில் இளமையில் எல்லாம் பெண்ணைப் போலவே இருக்கும். முதல் இறகுமாற்றத்திற்குப் பின்பே ஆணின் முகம் பளிச்சென மஞ்சளாகும். ஆனால் நிற வகைகள் பல வந்துவிட்டதால் இக்குறிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தா.

வயது எதுவாயினும் நலம் பார்த்தே வாங்க வேண்டும். கண் தெளிவாக, மூக்குத் துளை உலர்ந்து, பின்புற இறகு தூய்மையாக இருக்க வேண்டும். உடலை உப்பிக்கொண்டு பகலிலும் தூங்கும் பறவை நோயுற்றது. வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விடுவதும் நோயின் அறிகுறி. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் என்ற நோய் ஒன்றும் உண்டு. 1929-30-இல் அது பல நாடுகளில் பரவிப் பெரும் அச்சத்தை விளைவித்தது. இன்று அதற்குத் தக்க மருந்து உண்டு. ஆயினும் புதுப் பறவையை முப்பது நாட்களுக்கேனும் மற்றப் பறவைகளிடமிருந்து தனியே வைப்பதும், கூண்டைத் துடைத்தபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் நம் கடமை.

மலைவீட்டில் கவனிக்க வேண்டியவை

நம் மலைக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. இங்கே தோட்டந்தோறும் காய்க்கும் பட்டர் ஃப்ரூட் நமக்குச் சத்துணவு, கிளிக்கோ நஞ்சு. காப்பியும் சாக்லேட்டும் அப்படியே. மீந்த காப்பியைக் கிளிக்கு வைப்பது அன்பன்று. கூண்டை ஜன்னல் காற்றுக்கும் மூடுபனிக்கும் எதிரே வைக்கக் கூடாது. இரவில் மூன்று பக்கம் துணியால் மூட வேண்டும். குளிருக்கு அஞ்சிச் சமையலறையில் வைப்பதும் தவறு. அடுப்பில் அளவுமீறிக் காய்ந்த நான்ஸ்டிக் தவாவின் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கரி அடுப்பின் புகையும் கெடுதலே. தினை, சாமை, கம்பு ஆகியவற்றோடு கீரை, கேரட், கொய்யா முதலியவற்றையும் நாளும் சிறிது கொடுக்க வேண்டும்.

வீட்டில் முன்பே பச்சைக்கிளி இருந்தால்?

இக்கட்டுரையைப் படிக்கும் பெற்றோர் சிலர் வீட்டில், பாட்டி காலத்திலிருந்தே ஒரு பச்சைக்கிளி இருக்கக்கூடும். அதைத் திறந்து விட்டுவிடலாமா என்றால், கூடாது. ஆண்டுக்கணக்கில் கூண்டிலிருந்த பறவைக்குச் சிறகில் வலிமை இராது. இரை தேடத் தெரியாது. பருந்தையும் பூனையையும் அறியாது. வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்து ஒப்படைப்பதே முறை. அங்கே பறக்கும் வலிமை பெற்றவற்றைக் காட்டில் விடுவர், இயலாதவற்றைப் பேணுவர். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டாலும் எடுத்து வளர்க்க முனையாமல், பொந்து எட்டினால் அதிலேயே வைத்துவிட வேண்டும். தாய் அதை ஏற்றுக்கொள்ளும். எட்டாவிட்டால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் முடிவு

எனவே இரு கட்சியாரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். காட்டுக் கிளியானால் குஞ்சும் வேண்டாம், வளர்ந்ததும் வேண்டாம். கூண்டில் பிறந்த சிறு கிளியானால், தாய் ஊட்ட வேண்டிய குஞ்சு வேண்டவே வேண்டாம். தானே உண்ணக் கற்று, மனிதக் கைக்குப் பழகிய இளம்பறவை நன்று. பிறர் வளர்க்க இயலாமல் கொடுக்கும் வளர்ந்த பறவையோ, பொறுமை உள்ள வீட்டுக்கு அதனினும் நன்று. ஏனெனில் குஞ்சை விரும்புவோர் பலர். வளர்ந்ததற்கு இடம் கொடுப்போர் சிலரே.

தோழி தன் தந்தைக்கு இதையெல்லாம் நான்கு பக்கம் எழுதினாள். இடம் மாறிச் செல்லும் ஒரு குடும்பத்திடமிருந்து மூன்று வயதுக் காக்டெயில் இரண்டை அவர் பெற்று வந்தார். முதல் ஒரு மாதம் இரண்டும் கூண்டின் மூலையை விட்டு அசையவில்லையாம். அவள் தம்பி நாள்தோறும் மாலையில் கூண்டின் அருகே அமர்ந்து வாய்ப்பாடு படித்தான். நான்காம் மாதம் ஒன்று அவன் விரலிலிருந்து தினைக் கதிரைக் கொத்தியது. மற்றொன்று இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்கலாம் என்று தந்தை சொல்லிவிட்டார்.

பொந்திலிருந்து எடுக்கப்பட்ட அந்தக் குஞ்சைப் புதைத்த இடத்தில், தோட்டத்து முதியவர் ஒரு கொய்யாக் கன்று நட்டிருக்கிறார். காய்க்கத் தொடங்கினால் கிளிகள் தாமாகவே வரும் என்கிறார் அவர். அப்படி வருபவற்றைக் கூண்டில்லாமல் பார்த்து மகிழ நாங்கள் கற்றுக்கொண்டோம். இதைப் படிக்கும் தங்கைகளும், எங்களைப் போல் ஓர் உயிரை இழந்த பின்னரன்றி, இழக்கும் முன்னரே இதைக் கற்றுக்கொள்வார்களாக.